கோமதிக்கு ஹாஜர் போதாது

எழுபதுகளில் திருவனந்தபுரத்தில் ஒரு பள்ளியில் தமிழ் மீடியம் பத்தாம் வகுப்புக்கு நான் கிளாஸ் டீச்சர். எஸ்.எஸ்.எல்.சி. எழுதப் படிப்பு மட்டும் போதாது, வகுப்புக்கு வந்த நாள் கணக்கான ஹாஜரும் வேண்டும் என்று ஆண்டுதோறும் தொண்டை வறளச் சொல்வேன். அந்த ஆண்டு ஹாஜர் குறைந்தவள் கோமதி. கணக்கில் வகுப்பிலேயே முதல்.

ஹெட்மாஸ்டர் கரமனை அக்ரஹாரத்துக்காரர். சட்டம் என்றால் சட்டம்.

“மெடிக்கல் சர்ட்டிஃபிகேட் கொண்டுவரச் சொல்லுங்கோ டீச்சர். கொறஞ்ச ஹாஜரை மன்னிக்கச் சொல்லி கண்டோனேஷனுக்கு எழுதறேன். இல்லேன்னா அடுத்த வருஷம் எழுதட்டும், கேட்டேளா?”

கோமதியைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

“எனக்கு ஒரு சீக்கும் இல்லையே டீச்சர்.”

“பின்ன எங்க போற நீ?”

“ஆஸ்பத்திரிக்கு.”

அவள் அப்பா கொத்தனார். திருநெல்வேலிப் பக்கமிருந்து கட்டட வேலைக்கு வந்த குடும்பங்கள் எல்லாம் ஒரே லைன் வீடுகளில் இருந்தன. பெரியவர்களுக்கு மலையாளம் சரியாக வராது. இங்கேயே வளர்ந்த கோமதிக்கு வரும். யாருக்கு உடம்பு முடியாவிட்டாலும் ஓ.பி.க்கு அவளைத்தான் இழுத்துக்கொண்டு போவார்கள்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஒரு நாள் லீவு போட்டுவிட்டுக் கூடவே போனேன். பேச்சியம்மாள் என்ற சித்தாள் டாக்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

“தலகறக்கம் உண்டோ?” என்றார் டாக்டர்.

பேச்சியம்மாள் விழித்தாள். “கறக்கதுக்கு எங்கிட்ட மாடு ஏதுய்யா?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோமதி சிரிக்கவில்லை. “தலை சுத்துதான்னு கேக்காவ சித்தி” என்று மெதுவாகச் சொன்னாள். எப்போதிருந்து, சாப்பிட்ட பிறகா முன்னாலா என்று விசாரித்து, டாக்டருக்கு மலையாளத்தில் ஒழுங்காக எடுத்துச் சொன்னாள். வெளியே பெஞ்சில் இன்னும் மூன்று பேர் அவளுக்காகக் காத்திருந்தார்கள்.

வராந்தாவில் வைத்துப் பேச்சியம்மாளிடம் விஷயத்தைச் சொன்னேன்.

“பரீட்ச எழுத விடமாட்டாவளா? இந்தப் புள்ள ஒரு வார்த்த சொல்லலியே டீச்சர்!”

மறுநாள் காலையில் வேலைக்குப் போகாமல், இரண்டு பெண்களைக் கூட்டிக்கொண்டு ஹெட்மாஸ்டர் அறைக்கே வந்துவிட்டாள்.

“ஐயா, இவ வராம இருந்தது எங்களாலதான். இனிமே சாகக் கெடந்தாலும் கூப்பிட மாட்டோம். இவள எழுத விடுங்க.”

ஹெட்மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றினார். “சாகக் கிடந்தா வேற யாரைக் கூப்பிடுவேள்?”

அவர் காலண்டரைப் பார்த்தார். பிறகு, “சனிக்கிழமையும் ஓ.பி. உண்டல்லோ? அன்னிக்குப் போங்கோ. கோமதிக்குப் பதிலா நான் வரேன்” என்றார்.

நடந்ததை நடந்தபடியே எழுதி, கல்வி ஆபீசுக்கு அவரே கொண்டுபோய்க் கொடுத்தார். அனுமதி வந்தது. பரீட்சை முடியும்வரை சனிக்கிழமை தோறும் வெள்ளை முண்டும் குடையுமாக ஓ.பி. வரிசையில் நின்றார். “சாமி பேசுத தமிழையும் கோமதிதான் வந்து சொல்லணும் போல” என்று பேச்சியம்மாள் என்னிடம் சிரித்தாள்.

கோமதி ஃபர்ஸ்ட் கிளாஸ் வாங்கினாள். காலேஜில் பிரீ-டிகிரிக்கு, டாக்டர் படிப்புக்கு வழியான செகண்ட் குரூப்புக்கு இன்டர்வியூ வந்தது. நானும் ஹெட்மாஸ்டரும் போனோம். அவள் அப்பா, அம்மா, பேச்சியம்மாள், இன்னும் லைன் வீட்டுப் பெண்கள் பலரும் வந்திருந்தார்கள்.

காலேஜ் கிளார்க் தலை நிமிர்ந்து, “ரக்ஷகர்த்தாவு ஆரா?” என்று கேட்டார்.

லைன் வீட்டுக்காரர்களுக்குப் புரியவில்லை. கோமதி திரும்பி, “எனக்குப் பொறுப்பு யாருன்னு கேக்காவ” என்றாள்.

அத்தனை பேரும் கையைத் தூக்கினார்கள். பக்கத்தில் பார்த்தேன், ஹெட்மாஸ்டர் கையும் மேலே இருந்தது.

“அய்யோ, ஒராள் மதி!” என்றார் கிளார்க். ஒருவர் போதுமாம்.

அதற்குப் பிறகு என் வகுப்பில் யாருக்காவது ஹாஜர் குறைந்தால், ஹெட்மாஸ்டரிடம் போவதற்கு முன் அந்தப் பிள்ளையின் வீட்டுக்குப் போனேன். புதிதாக வேலையில் சேரும் டீச்சர்மார்களுக்கும் இதைத்தான் சொல்கிறேன்: ஏன் வரவில்லை என்று அதட்டுவதற்கு முன்னால், எங்கே போயிருந்தாய் என்று கேளுங்கள்.