மடு மண் கரைத்த தண்ணீர்

இதை எழுத எத்தனையோ வருடங்களாகத் தயங்கினேன். மடு மாதாவைக் குறைத்துப் பேசுகிறேன் என்று ஊரார் நினைப்பார்களோ என்ற பயம்தான்.

என் கணவருக்கு அப்போது எழுபது தாண்டியிருந்தது. சிறுநீரகக் கல். வயிற்றை வெட்டாமல், சிறுநீர் வழியாக மெல்லிய குழாய் விட்டுக் கல்லை உடைத்து எடுக்கலாம் என்றார்கள். முழு மயக்கம் கொடுப்பதால் காலையில் ஒன்றும் குடிக்கக் கூடாது என்றும் சொல்லியிருந்தார்கள்.

அவரைத் தள்ளுவண்டியில் ஏற்றியபோது பையைப் பார்த்தேன். எங்கள் ஊரான கீரியிலிருந்து கொண்டுவந்த, நோய் தீர்க்கும் என்று நாங்கள் நம்பும் மடு மாதா கோயில் மண் கரைத்த தண்ணீர்ப் போத்தல் வெறுமையாக இருந்தது.

“இதை எப்ப குடிச்சனீங்கள்?”

“இப்பதான். தண்ணிதானே குடிக்கக் கூடாதெண்டவை? இது மாதாவின்ர மருந்து. வாயை மூடு, ஒப்பரேசனை நிப்பாட்டிப் போடுவினம்.”

சொன்னால் மாதாவை நம்பாதவள் ஆவேனோ? சொல்லாவிட்டால்? தாதி தள்ளிய வண்டி சத்திரசிகிச்சை அறை வாசலுக்குள் நுழையும் நேரம் அதன் கம்பியைப் பிடித்துவிட்டேன்.

“மிஸ், நிப்பாட்டுங்கோ! இவர் குடிச்சுப் போட்டார்!”

மயக்கம் கொடுக்கும் டொக்டர் வெளியே வந்தார். “நல்ல வேளை சொன்னீங்கள் அம்மா. மயக்கத்தில சத்தி எடுத்தால் வயித்தில இருக்கிறதெல்லாம் மேல வந்து நுரையீரலுக்குள்ள போகும். இந்த வயசில தாங்கமாட்டார்.”

“மாதாவைக் காட்டிக் குடுத்திட்டாய்” என்று என் கணவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அன்று சிகிச்சையைத் தள்ளிவைத்து, மறுநாள் கல்லை எடுத்தார்கள். கண் விழித்ததும், “மண் மிச்சமிருக்கோடி?” என்றார்.

“இருக்கு. டொக்டரைக் கேட்டுத்தான் தருவன்.”

அன்று என் வாயைத் திறந்தவள் மாதாதான் என்று நம்புகிறேன். இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். சொல்லும்போது மாதாவையும் விடாதீர்கள், டொக்டரிடம் சொன்னதையும் விடாதீர்கள்.