தாட்சாயினியின் அழிறப்பர்

பென்சிலைச் சீவி, மேசையில் விழுந்த தூளை உள்ளங்கையால் வழித்துக் குப்பைக் கூடையில் போட்ட பிறகுதான் தாட்சாயினி எதிரே நிற்பவரை நிமிர்ந்து பார்ப்பாள். "இருங்கோ. பையில இருக்கிறதை எல்லாம் வெளியால எடுங்கோ. எது தேவை எண்டு நான் பாக்கிறன்." பையிலிருந்து சம்பளத் துண்டுகளோடு பால்மா வாங்கிய பற்றுச்சீட்டு, பல் வைத்தியரின் கடிதம், குழந்தையின் ஒற்றைக் காலுறை எல்லாம் வரும். எதைப் பார்த்தும் அவள் சிரிப்பதில்லை. காலுறையைக்கூட மடித்துத்தான் வைப்பாள்.

ஜூலை தொடங்கி அக்டோபர் முடியும்வரை, சனிக்கிழமைக் காலைகளில், மல்கிரேவ் சமூக மண்டபத்தின் பின்னறை அவளுடையது. கட்டிய வரியில் எவ்வளவு திரும்பி வரும் என்று தெரிந்துகொள்ள, புலம்பெயர்ந்து வந்த, வருமானம் குறைந்த குடும்பங்கள் அங்கே வருகின்றன. காசு வாங்குவதில்லை. வாரத்தின் ஐந்து நாள் அவள் முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் நிற்பவள். "கணக்கு எங்க படிச்சனீங்கள்?" என்று கேட்டால், வேலை முடிந்து இரண்டு வருடம் மாலை வகுப்புக்குப் போனதைச் சொல்லமாட்டாள். "குசினியில நாப்பத்திரண்டு பேருக்கு உப்பு அளக்கிறனான். அதை விட இது சுகம்" என்பாள்.

அவள் கையாலேயே கோடு போட்டு நகல் எடுத்த தாள் ஒன்று உண்டு. அதில் பதினொரு கட்டங்கள். வருகிறவர்கள் முதலில் அதை நிரப்ப வேண்டும். "கட்டத்துக்கு வெளியில ஒண்டும் எழுதாதேங்கோ, எனக்குக் கண் குழம்பும்." அப்படியும் எழுதுவார்கள். தொலைபேசி இலக்கம், கடைச் சாமான் பட்டியல், பிள்ளைகள் கிறுக்கிய பூனை. எல்லாவற்றையும் பச்சை அழிறப்பரால் ஒத்தி ஒத்தி அழித்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவாள். ஒருவர் தாளின் தலையில் பிள்ளையார் சுழி போட்டுக் கொடுத்தார். "அவருக்கு வருமானம் இல்லை" என்று அதையும் அழித்தாள். அந்த அழிறப்பர் இருமல் இனிப்பு வந்த பழைய தகரப் பெட்டிக்குள் இருக்கும். பெட்டியை மூடினால் அந்தத் தாள் முடிந்தது என்று அர்த்தம்.

ஒரே தொகையை மூன்று தரம் கூட்டுவாள். ஒன்பதை அடியிலிருந்து மேலே எழுதுவாள். சிறுவயதில் எத்தனையோ பேர் திருத்திப் பார்த்தும் அது மாறவில்லை. விடை வந்ததும் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, வந்த தொகையிலிருந்து கொஞ்சம் குறைத்துச் சொல்வாள். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. மூன்று வருடத்துக்கு முன் விஜயா என்ற மதுரைப் பெண்ணுக்கு அவள் சொன்ன தொகை கூடிப்போயிற்று. அதை நம்பி அந்தப் பெண் தவணையில் குளிர்சாதனப் பெட்டி எடுத்து, பிறகு திருப்பிக் கொடுத்தாள். சண்டை போடவில்லை. "பரவால்லக்கா, பழைய ஃப்ரிட்ஜே ஓடுது" என்று ஒரு குறுஞ்செய்தி மட்டும் அனுப்பினாள். தாட்சாயினி அதை இன்றுவரை தொலைபேசியிலிருந்து நீக்கவில்லை.

போன ஆகஸ்டில் இந்திரகுமார் வந்தார். பகலில் கோழி இறைச்சித் தொழிற்சாலை. விடியற்காலை நான்கு மணிக்கு அலுவலகங்கள் துப்புரவு செய்யும் வேலை. கூடவே மனைவி நிரூபா, நான்கு வயது இரட்டையர்கள், இடுப்பில் ஒரு கைக்குழந்தை. இரட்டையர்கள் வந்த வேகத்தில் மேசைக்கடியில் புகுந்துவிட்டார்கள்.

அவர் உட்காரும்போதே சொன்னார். "அக்கா, காரின்ர பதிவு, அந்த ரெஜோ, இன்னும் மூண்டு கிழமையில முடியுது. ஆறு மாசத்துக்குக் கட்டினாலும் நானூற்றி எழுபது டொலர். பிடிச்ச ரக்ஸ் காசு திரும்பி வந்தால் கட்டுவன். இல்லாட்டி கார் ஓடேலாது. விடிய நாலு மணிக்கு பஸ்சும் இல்லை."

"பதிவு இல்லாத காரை ஓட்டிப் பிடிபட்டா இன்னும் மோசம். துப்புரவு வேலையை விடவேண்டியதுதான்" என்றாள் நிரூபா. "பிறகு வாடகைக்கு என்ன செய்யிறது? இவரை வாடகைக்கு விடவோ?"

தாட்சாயினி தாளை எடுத்தாள். எல்லாக் கட்டமும் அழகாக நிரம்பியிருந்தது. ஏழாவது கட்டம், பிள்ளைகள் எத்தனை பேர் என்பது. அதில் பூச்சியம் போட்டிருந்தது. அவளுடைய காலணி நாடாவை மேசைக்கடியில் யாரோ அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். எழுதிக் கொடுத்ததை முதலில் எழுதியபடியே கூட்டிப் பார்ப்பது அவள் வழக்கம்.

இரண்டு சம்பளமும் சேர்த்து ஐம்பதாயிரம். முதலாளிகள் பிடித்த வரி ஆறாயிரத்து எழுபது. மூன்று தரம் கூட்டியும் ஒரே விடைதான் வந்தது. திரும்பி வர ஒன்றுமில்லை. அவர்தான் இன்னும் நானூற்று அறுபத்தெட்டு டொலர் கட்டவேண்டும். தாளைக் கவிழ்த்தாள்.

"தம்பி, இந்தப் பிள்ளையள் ஆரின்ர?"

நிரூபா எட்டித் தாளைத் திருப்பிப் பார்த்தாள். "என்னப்பா இது! மூண்டும் சேந்து வீட்டை உடைக்குதுகள், பேப்பரில ஒருத்தரும் இல்லையோ? அப்ப சோறு தின்னுறது ஆர், பேயோ?"

"அதுகள் உழைக்கிறேல்லைத்தானே" என்றார் இந்திரகுமார் முதலில். பிறகு குரல் தணிந்தது. "நிரந்தர விசா இல்லாமல் ஒம்பது வருசம் இருந்தனான் அக்கா. எத்தினை விசாரணை. ஒருக்கா ஒரு பேர் பிழையா எழுதுப்பட்டு, அதைத் திருத்தவே ஒண்டரை வருசம். கேட்டதுக்கு மட்டும் பதில், கூட ஒரு சொல்லும் வேண்டாம் எண்டு பழகிட்டன். இப்ப அந்த நிரந்தர விசா, பி.ஆர், கிடைச்சிட்டுது, ஓம். ஆனாலும் பிள்ளையளை ஒரு அரசாங்கப் பேப்பரில போடக் கை வருகுதில்லை. எழுதின இடத்தில இருந்துதான் தேடி வருவினம்."

தாட்சாயினி தன்னைப் பற்றிப் பேசுகிறவள் அல்ல. அன்று பேசினாள்.

"நானும் இங்க வந்த முதல் வருசம் பூச்சியம்தான் போட்டனான். மகள் என்ர மடியில இருந்தவள்."

பிறகு வழக்கமான குரலுக்குத் திரும்பினாள். எல்லாரிடமும் எடுக்கிற மருத்துவக் காப்பு வரி அவருக்கு ஆயிரம் டொலர் வருகிறது என்றாள். வருமானம் குறைந்து, பிள்ளைகளும் இருக்கிற குடும்பத்துக்கு அது இல்லை. "இது சலுகையும் இல்லை, பிச்சையும் இல்லை. சட்டத்தில இருக்கிறது. பிள்ளையளின்ர பேரை வரி அலுவலகம் கேக்கேல்லை. எத்தினை பேர் எண்டு மட்டும்தான் கேள்வி. கேட்டதுக்கு மட்டும் பதில் எண்டனீங்கள். கேக்கினம். சொல்லுங்கோ."

"பேர் கேக்கேல்லையோ?"

"இல்லை."

அவர் குனிந்து மேசைக்கடியில் பார்த்தார், பிறகு நிரூபாவின் இடுப்பிலிருந்த குழந்தையைப் பார்த்தார். எண்ணத் தேவையில்லாததை எண்ணுகிறவர் போல நெடுநேரம் பார்த்தார். "மூண்டு" என்றார்.

தாட்சாயினி பூச்சியத்தை அழித்து, தூளை ஊதி, மூன்று என்று எழுதினாள். மறுபடியும் மூன்று தரம் கூட்டினாள். இந்தத் தரம் அவருக்குத் திரும்பி வருவது ஐந்நூற்று முப்பத்திரண்டு டொலர். "ஐந்நூறு எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ. குறையாது. இண்டைக்கே அனுப்பினால் ரெண்டு கிழமையில வரும். அனுப்புற பொத்தானை உங்கட ஃபோனில நீங்கள்தான் அழுத்தோணும், நான் தொடமாட்டன்."

நிரூபா குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றி, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். இந்திரகுமார் தொலைபேசியை எடுக்கவில்லை. மேசையிலிருந்த பென்சிலை எடுத்தார். தாளை மெல்லத் தன் பக்கம் இழுத்து, ஏழாவது கட்டத்துக்கு வெளியே, ஓரத்தில், ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினார். அக்ஷரா. கீர்த்தனன். ஆரணி. பள்ளிக்கூடப் பிள்ளை போல அழுத்தி எழுதினார். தாள் பின்பக்கம் புடைத்தது.

தாட்சாயினியின் கையில் அழிறப்பர் இருந்தது. மூன்று பெயரையும் ஒருதரம் வாசித்தாள். அழிறப்பரைத் தகரப் பெட்டிக்குள் வைத்து, மூடியை அழுத்தி மூடினாள்.