மௌன மாதமும் வல்லின றகரமும்

போன கல்யாண சீசனில் என் குரல் போயிற்று. முதலில் கரகரத்தது, பிறகு பாதிப் பேச்சில் வெறும் காற்றாக வந்தது. பட்டுக்கடையில் சேலை விரித்துக் காட்டுகிறவனுக்குக் கையும் வாயும்தான் பிழைப்பு. நாளெல்லாம் கடையில் பேசிவிட்டு, வீட்டுக்கு வந்தும் பேசுகிறவன் நான். டிவியில் செய்தி வாசிக்கிறவருக்கும் பதில் சொல்வேன்.

தொண்டை டாக்டர் மூக்கு வழியாகக் குழாயை விட்டுப் பார்த்து, குரல் நாணில் வீக்கம் என்றார். ஒரு மாதம் பேசக் கூடாது, குசுகுசுவென்றுகூடப் பேசக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவி, "ஒரு மாசம் போதுமா சார்?" என்று கேட்டாள். அது அக்கறையா வேறு ஏதாவதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அதே ஆஸ்பத்திரியில் குரல் பயிற்சி கொடுக்கும் ஒரு பெண் இருந்தார். என் கழுத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, எல்லாம் இறுகிக் கிடக்கிறது, மனசுக்குள் எதையோ அடக்கி வைத்திருக்கிறீர்கள் என்றார். நான் எதையும் அடக்கி வைக்கிறவன் என்று சொன்னால் எங்கள் தெருவில் ஒருவரும் நம்பமாட்டார்கள். தினமும் காலையில் கொஞ்ச நேரம், தோன்றுவதை எல்லாம் நிறுத்தாமல் எழுதச் சொன்னார். மனசு லேசாகும், தொண்டைக்கும் நல்லது. பிழையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், யாரும் படிக்க வேண்டியதில்லை.

கடைசியாகச் சொன்னதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. பார்க்க ஆள் இல்லாமல் சேலை விரித்து எனக்குப் பழக்கமில்லை.

வீட்டில் தாளுக்குப் பஞ்சமில்லை. என் மனைவி கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் பிரஸ்ஸில் பிழை திருத்துகிறாள். சம்பந்தியின் பெயரில் ஒரு துணைக்கால் விட்டுப்போனாலும் இரண்டு குடும்பம் சண்டைக்கு வந்துவிடும் என்ற பயத்திலேயே வாழ்கிறவள். வீணான பத்திரிகைகளைக் கட்டாகக் கொண்டுவந்து போடுவாள். ஒரு பக்கம் யாரோ ஒரு ஜோடி மங்களகரமாக வாழ்க்கை தொடங்க, மறுபக்கத்தில் நான் என் சோகத்தைத் தொடங்கினேன்.

முதல் நாள் எழுதியதைப் படித்து எனக்கே கண் கலங்கியது. வாழ்க்கை முழுக்க மற்றவர்களுக்காக உழைத்தவன், வெறும் தூசாக மதிக்கப்பட்டவன் என்றெல்லாம் வந்திருந்தது. இத்தனை நல்ல எழுத்தை யாரும் படிக்காமல் விடுவதாவது? மடித்து, அவள் கட்டாயம் எடுக்கப்போகும் தயிர்ப் பாத்திரத்தின் அடியில், ஓரம் தெரியும்படி வைத்தேன்.

சாயங்காலம் அந்தத் தாள் சாப்பாட்டு மேசையில் இருந்தது. அங்கங்கே சிவப்புப் பேனாவில் சுழித்திருந்தாள். விட்டுப்போன ஒற்றுகளை எல்லாம் போட்டிருந்தாள். நடுவில் ஒரு சொல்லுக்கு மட்டும் இரண்டு வட்டம்.

"என்னை யாரும் அரிந்துகொள்ளவில்லைன்னு எழுதிக்கினு இருக்கீங்க. சின்ன ர போட்டிருக்கீங்க. அரியறதுக்கு நீங்க என்ன கத்திரிக்காயா?"

சொல்லிவிட்டு உள்ளே போய் நிஜமாகவே கத்திரிக்காய் அரிந்தாள்.

கத்த முடியவில்லை. மறுநாள் காலை இன்னொரு பத்திரிகையை எடுத்தேன். இந்த முறை சின்ன ர பக்கமே போவதில்லை, எங்கும் வல்லின ற தான் என்று முடிவு செய்துகொண்டு, ஆத்திரம் தீர எழுதினேன். 'உனக்கு இறக்கமே இல்லை' என்று முடித்து, அடியில் கோடும் போட்டேன். சாயங்காலம் அதன் கீழே சிவப்பில் ஒரு வரி: 'ஏற்றமும் இல்லை. சமதளம்.'

அதற்குப் பிறகு அகராதி வாங்கினேன். மனநலத்துக்கு எழுதுகிறவன் அகராதி வைத்துக்கொண்டு எழுதலாமா என்று அந்தப் பயிற்சிப் பெண்ணைக் கேட்கவில்லை. கோபமாக ஒரு வாக்கியம் எழுதுவேன், சந்தேகம் வரும், புரட்டுவேன். சொல்லைத் தேடிப் பிடிப்பதற்குள் எதற்காகக் கோபப்பட்டேன் என்பது மறந்துவிடும். திரும்பப் படித்தால் இட்லி கல்லாக இருந்தது என்பதுதான் விஷயமாக இருக்கும்.

இதற்கிடையில், பேசாதவனுக்குக் காதும் கேட்காது என்று தெருவே நினைத்தது. டீக்கடைக்காரர் என் முகத்துக்கு நேரே வந்து சர்க்கரை போடலாமா என்று கத்துவார். ஐயம்பேட்டையிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்த என் மச்சான், பக்கத்தில் உட்கார்ந்துகொண்டே, இந்த ஆள் இப்படியே இருந்தால் அக்காவுக்கு நிம்மதி என்று யாரிடமோ போனில் பேசினான். எல்லாவற்றையும் எழுதி வைத்தேன், பிழையில்லாமல்.

மாதம் முடிகிற சமயத்தில் எங்கள் கடை வீடியோ ஒன்று போனில் வந்தது. சீசனுக்கு முன்பே போனில் நேரலை விற்பனை தொடங்கியிருந்தார்கள். ஒரு இளம்பெண் கேமரா முன்னால் நின்று பேசுவாள், என்னைப் பின்னால் நின்று சேலை மடிக்கச் சொல்லியிருந்தார்கள். இதை நான் வீட்டில் சொல்லவில்லை. அவள் பேச்சுக்கு மேலே கேட்க வேண்டும் என்று, கடைக்கு வந்த நாலு பேரிடம் நாற்பது பேருக்குப் பேசுகிற மாதிரி நான் கத்தியதில்தான் தொண்டை போனது. வீட்டில் சொன்ன காரணம், கூட்டம்.

வீடியோவில் அந்தப் பெண் கொஞ்சமாகத்தான் பேசினாள். சேலை போய்க்கொண்டே இருந்தது. மடிக்க வேறொருவர் நின்றிருந்தார்.

அன்று அகராதியை எடுக்கவில்லை. 'சீசனுக்கு முன்பே என்னைப் பின்னால் நின்று சேலை மடிக்கச் சொல்லிவிட்டார்கள். குரல் வந்தாலும் கடையில் என்னை எங்கே உட்கார வைப்பார்களோ தெரியவில்லை. பயமாக இருக்கிறது' என்று எழுதினேன். அதற்கு மேல் வரவில்லை. தயிர்ப் பாத்திரத்துக்குப் போகாமல் அவள் கையிலேயே கொடுத்தேன். பிரஸ்ஸுக்குக் கிளம்பி, செருப்பு மாட்டிக்கொண்டு நின்றிருந்தாள். நின்றபடியே படித்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமேங்க," என்றாள். தாளை மடியில் வைத்துக்கொண்டு, "எனக்கும் பயமாதான் இருக்குது. பிழையெல்லாம் கம்ப்யூட்டரே பார்த்துடும்னு பிரஸ்ல பேசிக்கினு இருக்காங்க."

குரல் இருந்திருந்தால் அந்த இடத்தில் ஆறுதல் என்ற பெயரில் அரை மணி நேரம் பேசி, ஒரு சேலையையே விற்றிருப்பேன். இல்லாததால் சும்மா உட்கார்ந்திருந்தேன். அவள் பேசினாள். பிரஸ் முதலாளியைப் பற்றி, கண் வலியைப் பற்றி, இத்தனை நாள் எனக்குத் தெரியாத எத்தனையோ. பேசிப் பேசி அன்று வேலைக்கே போகவில்லை.

குரல் திரும்பி வந்தது, கொஞ்சம் மெலிந்து. கடையில் ஒரு நாள் என்னையும் நேரலையில் நிற்க வைத்தார்கள். ஒரே சேலையை நான் விளக்கி முடிப்பதற்குள் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் பாதிப் பேர் போய்விட்டார்கள். இப்போது நேரில் வருகிறவர்களுக்கு மட்டும் நான். வேலை இருக்கிறது, முன்பு இருந்த கெத்து இல்லை. வருஷக்கணக்காகப் போடுகிற பிரஷர் மாத்திரையையும் டாக்டர் குறைக்கவில்லை. ஆனால் மடிக்கச் சொன்னால் மடிக்கிறேன், வீட்டில் வந்து சொல்லவும் செய்கிறேன்.

இப்போது அவளும் காலையில் எழுதுகிறாள். எழுதி முடித்ததும் நாலாக மடித்துக் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்துவிடுகிறாள். என்ன எழுதினாய் என்று கேட்டால், யாரும் படிக்க வேண்டியதில்லையாமே என்கிறாள். அவள் குளிக்கப் போன நேரத்தில் ஒரு தாளைப் பிரித்துப் பார்த்தேன். கிறுக்கல், ஒரு எழுத்தும் புரியவில்லை. மடித்த மடிப்பு மாறாமல் திரும்ப வைத்துவிட்டேன், மடிப்பதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. இருந்தும் கண்டுபிடித்துவிட்டாள், ஜிப்பை இழுத்துவிட மறந்திருந்தேன்.