காதுதான் கடைசியாகத் தூங்கும்

டாக்டர் எஸ்தர் மனோகரியிடம் மயக்கவியல் படித்தவர்களுக்கும், அவரோடு வேலை பார்த்தவர்களுக்கும்,

இந்த நேரத்தில் எழுதுவதற்கு முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். வீட்டில் எல்லோரும் படுத்த பிறகுதான் எனக்குக் கை ஒழிகிறது. நாளைக்கு எழுதலாம், நாளைக்கு எழுதலாம் என்று தள்ளிப்போட்டேன். இன்றைக்கும் விட்டால் காலம் கடந்துவிடும் என்று பயம் வந்துவிட்டது. நீங்கள் கொண்டுவரும் நினைவு மலருக்கு, அவர் மயக்கம் கொடுத்த குழந்தைகளின் வீட்டாரும் எழுதலாம் என்று டாக்டரம்மாவின் அண்ணன் சொன்னார். என் பெயர் சரண்யா. ஊர் கோலார் தங்க வயல், கோரமண்டல் பகுதி. என் மகள் மித்ராவுக்கு மூன்று வயதில் சிறுமூளையில் ஒரு கட்டியை எடுத்தார்கள். அன்றைக்கு அவளுக்கு மயக்கம் கொடுத்தவர் டாக்டரம்மா. அதே இடத்தில் இப்போது மறுபடி கொஞ்சம் வளர்ந்திருக்கிறது. வருகிற வியாழக்கிழமை, உங்களில் பலர் வேலை செய்யும் அதே மருத்துவமனையில், மறுபடி ஆபரேஷன்.

அந்தத் தேதியைச் சொல்லத்தான் டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன். எடுத்தது அவருடைய அண்ணன் தாமஸ் அங்கிள். சுரங்கத் தூசியில் நுரையீரல் கெட்டவர். ஒரு வாக்கியத்தை இரண்டு மூச்சில் சொல்வார்.

"யாரு, சரண்யாவா? எஸ்தரு போயிட்டாம்மா. ராத்திரி படுத்தவதான். மண்ணு குடுக்கறது இன்னிக்கி சாயங்காலம்."

அவரே கேட்டார், "நீ இன்னா விசயமா கூப்ட்ட?"

"ஒண்ணுமில்ல அங்கிள், சும்மாதான்" என்றேன்.

அடக்கத்துக்கு மித்ராவையும் அழைத்துக்கொண்டு போனோம். போதகர் டாக்டரம்மாவின் ஞாயிறு பள்ளி ஊழியத்தைப் பற்றிப் பேசினார். அண்ணனுக்காகக் கடைசி வரை இந்த ஊரை விடாமல் இருந்ததைச் சொன்னார். 'மருத்துவ சேவையும் செய்தார்' என்று வேலையை ஒரே வரியில் முடித்துவிட்டார். அவரைக் குறை சொல்லவில்லை. மூளைக்குள் கத்தி போகும்போது ஒரு குழந்தையின் உயிரைக் கையில் வைத்துக்கொண்டு தலைமாட்டில் உட்கார்ந்திருப்பவர் யார் என்று எங்கள் ஊரில் எத்தனை பேருக்குத் தெரியும்? நீங்கள் ஒரு வேனில் வந்து பின்னால் நின்றீர்கள். உங்களில் ஒருவர் சுவர் பக்கம் திரும்பி நின்று அழுதார். அவரிடம் போய்ப் பேசியிருக்க வேண்டும்.

தாமஸ் அங்கிள் மித்ராவைக் கிட்டே கூப்பிட்டார். "சின்னப்ப உன்ன ஆஸ்பத்திரில தூங்க வச்சது யாரு தெரியுமா கண்ணு?"

"தெரியாது தாத்தா."

"இதோ படுத்துகினு கீறாளே, இவதான்."

மித்ரா எட்டிப் பார்த்தாள். "இவங்களா? இவங்க மிட்டாய் ஆயா." ஞாயிற்றுக்கிழமைகளில் ஆலய வாசலில் அவளுக்கு மிட்டாய் கொடுப்பவர் என்றுதான் அவருக்கு அவளிடம் பெயர்.

தாமஸ் அங்கிள் சிரித்தார். "ஒண்ணுமே ஞாபகம் இல்லியா? அப்ப எந்தங்கச்சி வேலைய ஒழுங்காத்தான் செஞ்சிகிறா." பிறகு என்னைப் பார்த்து, "நான்தான் முன்னாடி போறதா பேச்சு. எனக்கு எந்தப் பாட்டுப் பாடணும்னுகூட அவகிட்ட சொல்லி வச்சிருந்தேன். ஏமாத்திட்டா" என்றார்.

எனக்கு டாக்டரம்மா முதலில் ரயில் சிநேகிதம். பெங்களூரில் ஒரு கம்பெனியில் கணக்குப் பார்க்கும் வேலை எனக்கு. டாக்டரம்மா வாரம் முழுக்க ஆஸ்பத்திரி குவார்ட்டர்ஸில் தங்கி, சனிக்கிழமை ஊருக்கு வந்து, திங்கட்கிழமை விடிகாலை வண்டியில் எங்கள் பெண்கள் பெட்டியில் திரும்புவார். ஏறி உட்கார்ந்ததும் தூக்கம்தான். கார்மெண்ட்ஸில் தைக்கும் பத்மாவுக்கு அவரைச் சீண்டாவிட்டால் பொழுது விடியாது.

"ஊருக்கெல்லாம் மயக்கம் குடுக்கறவங்க, மருந்த தானே மோந்து பார்த்துட்டாங்களாட்டம் கீது."

கண்ணைத் திறக்காமலே பதில் வரும். "காதுல உழுது பத்மா. உனக்கு ஆபரேஷன்னா அன்னிக்கி நான் லீவு."

"கத்தி புடிக்கறவருதான டாக்டரு? தூங்க வச்சிட்டு நீங்க இன்னா பண்ணுவீங்க, எங்கள மாதிரி பீன்ஸ் உரிப்பீங்களா?"

"அவரு கையகலம் எடம் பார்ப்பாரு. மீதிக் குழந்த மொத்தமும் என்னுது. மூச்சு, நாடி, உடம்புச் சூடு, ஒண்ணுக்கு எவ்ளோ போச்சு, எல்லாம் நாந்தான் பார்க்கணும்."

அவருடைய அப்பா, சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்கும் கேஜ் என்கிற இரும்புக் கூண்டை மேலிருந்து இயக்கியவர். "அவருக்குக் கேஜுக்குள்ள யாரு நிக்கறான்னு தெரியாது. பெல்லு சத்தம் கேட்டு இறக்குவாரு, பெல்லு சத்தம் கேட்டு ஏத்துவாரு. எனக்கு மூஞ்சி தெரியுது. அதான் கஷ்டம்" என்றார் டாக்டரம்மா ஒரு முறை. மூளை ஆபரேஷனுக்கு வரும் பெரியவர்களுக்கு மயக்கம் கொடுக்கத்தான் முதலில் சேர்ந்தாராம். குழந்தைகள் வந்தால் மற்றவர்கள் தயங்கி இவரிடம் தள்ளிவிடுவார்களாம். "கல்யாணம் ஆவாதவ, குழந்த அழுதா இவளுக்குப் பதறாதுன்னு நெனச்சாங்க. எனக்குத்தான் எல்லாரையும்விட பதறிச்சி. அதனாலதான் கத்துகினேன்." அப்படிக் கற்றதைத்தான் பிறகு உங்களுக்குப் பாடமாக நடத்தினார், கட்டுரைகளாக எழுதினார். அந்தக் கட்டுரைகளைப் பற்றி நீங்கள் எழுதுவீர்கள். எனக்கு ரயிலில் கேட்டதுதான் தெரியும்.

ஒரு திங்கட்கிழமை, மித்ராவுக்கு வாந்தி நிற்கவில்லை, பூச்சி மருந்தும் கொடுத்தாயிற்று, மந்திரித்தும் பார்த்தாயிற்று என்று பத்மாவிடம் புலம்பிக்கொண்டிருந்தேன். டாக்டரம்மா கண்ணைத் திறந்தார்.

"எப்ப எடுக்கறா?"

"காலைல எழுந்ததும்."

"எடுத்தப்புறம்?"

"ஒண்ணும் நடக்காத மாதிரி வெளயாடுவா."

"நடை எப்டி கீது?"

"செவுத்த புடிச்சிகினு நடக்கறா டாக்டரம்மா. செருப்பு பெருசா கீதுன்னு நெனச்சோம்."

அவர் முகம் மாறவில்லை. "பங்காருப்பேட்டைல எறங்கு. திரும்பிப் போயி அவளத் தூக்கிகினு அடுத்த வண்டில வா. ஓபில நான் சொல்லி வைக்கறேன்."

"நாளைக்கி லீவு சொல்லிட்டு..."

"இன்னிக்கி."

என் பையை இறக்கி என் கையில் கொடுத்தவள் பத்மாதான். இன்ன நோய் என்று டாக்டரம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மூன்று வயதுக் குழந்தை ஸ்கேன் மெஷினுக்குள் அசையாமல் படுக்காது, அதற்கே மயக்கம் வேண்டும் என்றார்கள். ஸ்கேன் அன்றைக்கு வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருந்தார்கள். ரயிலில் சுற்றிலும் டப்பாக்கள் திறக்கின்றன, எலுமிச்சை சாத வாசனை வருகிறது, இவள் அழுகிறாள். என் கணவர் பிரபு, வேடிக்கை காட்டுகிறேன் என்று அவளைத் தூக்கிக்கொண்டு கதவுப் பக்கம் போனார். திரும்பி வந்தபோது அழுகை நின்றிருந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அவள் முன்னால் குந்தி உட்கார்ந்தார்.

"காலைல இன்னா துன்ன கண்ணு?"

"ஒண்ணும் தரல மேடம்" என்றார் பிரபு.

"உங்கள கேக்கல சார்."

"பிஸ்கட்டு" என்றாள் மித்ரா. "அப்பா சொல்லக்கூடாதுன்னாரு."

பிரபுவுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஒரே ஒரு பிஸ்கட்டு மேடம். அதுக்காக ஸ்கேன நிறுத்துவீங்களா?"

"தூங்கறப்ப வயித்துல கீறது மேல வந்து மூச்சுக் குழாய்ல எறங்கிடும் சார். நுரையீரல் கெட்டா இன்னா ஆவும்னு எங்க வீட்டுக்கு வந்து எங்கண்ணனப் பாருங்க." பிறகு குரலை இறக்கி, "குழந்த அழுதா எந்த அப்பனும் குடுப்பான். குடுத்தத மறைச்சீங்க பாருங்க, அதான் கூடாது" என்றார். பக்கத்தில் நின்ற மாணவர்களிடம், "அப்பா மறைப்பாங்க, அம்மா மறந்துடுவாங்க, குழந்தையைத்தான் கேட்கணும்" என்று சொன்னார். அந்த மாணவர்களில் நீங்களும் யாராவது இருந்திருக்கலாம். எங்களைத் திருப்பி அனுப்பவில்லை. அன்றைய வரிசையில் கடைசியாகப் போட்டு, மத்தியானம் தானே வந்தார்.

மயக்கக் காற்று வரும் மாஸ்க்கில் தடவ ஏதோ வாசனைப் புட்டிகள் வைத்திருந்தார். "இன்னா வாசனை வேணும் உனக்கு? ஸ்ட்ராபெரி கீது, வெனிலா கீது."

"பெட்ரோல்" என்றாள் மித்ரா. அவளுக்கு அப்பாவின் பைக்தான் உலகம்.

எனக்கு மானம் போயிற்று. டாக்டரம்மா யோசித்துவிட்டு, "இந்தக் காத்தும் கொஞ்சம் அப்பிடித்தான் நாறும். எங்க போலாம்?" என்றார். பேத்தமங்களா ஏரிக்கு என்றாள். "செரி, வண்டிய ஸ்டார்ட் பண்ணு." மாஸ்க்குக்குள் டுர்ர் டுர்ர் என்று ஊதிக்கொண்டே போனவள் பாதியில் நின்றாள். கண் மேலே சொருகும், கை கால் லேசாக ஆடும், எல்லாம் சரியாக நடக்கிறது என்று அர்த்தம், பார்த்துவிட்டு அலறாதே என்று என்னிடம் முன்னாலேயே சொல்லியிருந்தார். சொன்னபடியே நடந்தது. சொல்லாமல் இருந்திருந்தால் நான் அங்கேயே விழுந்திருப்பேன்.

ஆபரேஷன் அன்றைக்கும் என்னைத் தியேட்டர் வரை வரவிட்டார். கையில் ஊசி ஏற்கெனவே இருந்தது, பால் மாதிரி வெள்ளையாக ஒரு மருந்து தயாராக இருந்தது. "பயப்படாதன்னு மட்டும் சொல்லாத" என்றார் என்னிடம். "பயம்னு ஒண்ணு கீதுன்னு நீயே சொல்லிக் குடுத்த மாதிரி ஆயிடும். காதுதான் கடைசியா தூங்கும். ஏதாச்சும் கேள்வி கேளு. பதில அப்புறம் வாங்கிக்கலாம்."

"எழுந்ததும் தோசை வேணுமா, இட்லி வேணுமா?" என்று கேட்டேன். பதில் சொல்ல வாயைத் திறந்தவள் அப்படியே தூங்கிவிட்டாள்.

ஆபரேஷன் மேசையில் அவள் குப்புறப் படுத்திருந்த அத்தனை நேரமும் டாக்டரம்மா அவளை வேறு யார் கையிலும் விடவில்லை என்று பிறகு நர்ஸ் சொன்னார். முகத்தில் ஒரு கன்றிய தடம்கூட இல்லை. சாயங்காலம் ஐசியுவில் அவள் காதருகே குனிந்து, "மித்ரா, அம்மா இன்னமோ கேட்டாங்களே, தோசையா, இட்லியா?" என்றார். பிறகு கரகரவென்று ஒரு குரல் வந்தது.

"பூரி."

டாக்டரம்மா பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். அப்போதுதான் அவர் எவ்வளவு களைத்திருந்தார் என்று பார்த்தேன்.

அந்தக் கேள்வி அவள் மனதில் நின்றதா என்று பிறகொரு நாள் ரயிலில் கேட்டேன். "அவளுக்கு ஒண்ணும் ஞாபகம் இருக்காது. அது உனக்கு. வெளிய உக்காந்திருக்கறப்ப நெனச்சிகினு இருக்க ஏதாச்சும் வேணும்ல" என்றார்.

டிஸ்சார்ஜ் ஆன அன்று சர்ஜனுக்குச் சால்வை போர்த்தி ஸ்வீட் கொடுத்தோம். டாக்டரம்மா அப்போது வேறொரு குழந்தையோடு உள்ளே இருந்தார். அவருக்கும் ஒரு சால்வை வாங்கவேண்டும் என்று நானும் பிரபுவும் பேசிக்கொண்டே இருந்தோம். சவப்பெட்டிக்குள் அவரைப் பார்த்தபோது, பேசிக்கொண்டே இருந்ததுதான் நினைவுக்கு வந்தது.

இன்னொன்றும் மனதை அறுக்கிறது. இதுவரை எத்தனை குழந்தைகளைத் தூங்க வைத்திருப்பீர்கள் என்று ஒரு நாள் ரயிலில் பத்மா கேட்டாள். தெரியாது என்றார். "எழுந்தவங்க பேரு மறந்துடும். எழுந்திருக்காதவங்க பேரு எல்லாம் தெரியும்." சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்தப் பெயர்களை உங்களிடம் எப்போதாவது சொன்னாரா? சொல்லவில்லையென்றால், அந்தக் குழந்தைகளை வீட்டாருக்கு வெளியே நினைத்துக்கொண்டிருந்த ஒரே ஆளும் போய்விட்டார்.

ஓய்வு பெற்ற பிறகும் பாடம் எடுக்க அவர் உங்களிடம் வந்துபோனது உங்களுக்குத் தெரியும். மித்ராவின் புது ஸ்கேனைப் பற்றி ஆலய வாசலில் அவரிடம் சொன்னேன். "நானே வந்து மயக்கத்துல இறக்கறேன். உள்ள உடுவாங்க. எனக்கு முடியலன்னாலும் எம் பிள்ளைங்க யாராச்சும் இருப்பாங்க" என்றார். அவர் பிள்ளைகள் என்றது உங்களைத்தான். யார் என்று கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. கேட்க நாள் இருக்கிறது என்று நினைத்தேன்.

அவரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது ஒன்றுதான்: மயக்கத்துக்குப் போகிற குழந்தையிடம் பொய் சொல்லக் கூடாது. மித்ராவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஊசி வலிக்கும், முடியை எடுப்பார்கள், எழுந்ததும் தொண்டை கரகரக்கும். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பிறகு, "மிட்டாய் ஆயாதான் செத்துட்டாங்களே, இப்ப யாரு தூங்க வைப்பாங்க?" என்றாள். யாராவது ஒரு டாக்டர் என்று சொல் என்கிறார் பிரபு. யாராவது என்பது பதில் இல்லை. விசாரித்துச் சொல்கிறேன் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். தினமும் பள்ளி விட்டு வந்ததும் கேட்கிறாள்.

நீங்கள் தொகுக்கும் மலரில் இது வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி. வியாழக்கிழமை அவள் தலைமாட்டில் உட்காரப்போவது உங்களில் யார்? பெயர் தெரிந்தால் போதும், அவளிடம் சொல்லிவிடுவேன். தயவுசெய்து சீக்கிரம் பதில் எழுதுங்கள்.

சரண்யா