தண்ணி குடிக்கிற கேன்

1. ஓட்டை போடுறது எதுக்கு

அன்னவாசல் ரோட்டுல பழைய சாமான் கடை வச்சிருக்கவ நான். இரும்பு, பிளாஸ்டிக், அட்டை, எது வந்தாலும் எடுப்பேன். பாதி லோடு ஏறி உருக்கப் போகும். மீதியை ஊர் சனமே வந்து கிளறி, நல்லதாப் பார்த்து எடுத்துக்கிட்டுப் போயிரும். இந்தத் தொழிலுக்குப் புதுசா வர்ற பிள்ளைக எல்லாம் என்கிட்ட ரேட்டைத்தான் கேக்குதுக. நான் சொல்லணும்னு நினைக்கிறது ஒரு ஓட்டையைப் பத்தி.

அஞ்சு லிட்டர் எண்ணெய்க் கேன் மூடியோடதான் கடைக்கு வரும். உள்ளே காத்து நிக்கிறதால மிதிச்சா அமுங்காது. ஒவ்வொண்ணா மூடியத் திருகிக்கிட்டு இருந்தா பொழுது போயிரும். அதனால தேஞ்ச அரத்தோட கூர் முனையை வச்சு அடிப்பக்கம் மூலையில ஒரு குத்து. முக்கோணமா, சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஓட்டை விழும். அப்புறம் மிதிச்சா அப்பளமா அமுங்கிரும்.

இதெல்லாம் வெயில் காலத்துல. மார்கழிக் குளிர்ல பிளாஸ்டிக் வெறைச்சுக்கிரும். எத்தனை மிதி மிதிச்சாலும் காலை எடுத்ததும் 'டொப்'னு பழைய உருவத்துக்கு வந்து நிக்கும். அதனால பனிக்காலத்துல குத்து மட்டும் போட்டு, கொட்டகைக்குப் பின்னாடி குவிச்சிருவோம். வெயில் ஏறின பெறகுதான் மிதி. அதுவரைக்கும் பார்க்கிறவுக கண்ணுக்கு அது முழுக் கேன். மேலாப் பார்த்தா ஒரு குறையும் தெரியாது.

2. மாயழகு கேட்ட சத்தம்

மாயழகு சைக்கிள்ல ஊர் ஊராப் போயி பழசு வாங்கி வந்து என் கடையில போடுற ஆள். அரையாண்டுப் பரிச்சை லீவு விட்டிருந்த நேரம். காலையில பனியோட வந்தவன் சைக்கிளை ஸ்டாண்டு போடாம அதைப் பிடிச்சுக்கிட்டே நின்னான்.

"இனிமே பழைய குவாரிப் பக்கம் நான் போக மாட்டேன்க்கா."

"ஏன், பேய் பிடிச்சுக்கிருச்சா? ஒன்னையப் பிடிச்சா அதுக்குத்தான் சிரமம்."

அவன் சிரிக்கல. "நேத்து சாயந்திரம் அந்த வழியா வந்தேன். ஒரு ஈ காக்கா இல்ல. தண்ணிக்குள்ள இருந்து யாரோ தண்ணி குடிக்கிற சத்தம் மட்டும் வருது. குளுக், குளுக்குனு, மடக்கு மடக்கா. நின்னு கேட்டேன். அது பாட்டுக்குக் குடிச்சுக்கிட்டே இருக்கு. ஆடு மேய்க்கிற சனமும் கேட்டிருக்காக. கல்லு சரிஞ்சு செத்தவன் ஒருத்தன் தாகத்தோட கெடக்கிறானாம்."

கல் வெட்டுறதை நிறுத்தின குவாரி அது. மழைக்கு ரொம்பிரும். லாரி இறங்கின சரிவு மட்டும் கொஞ்ச தூரத்துக்கு முழங்கால் ஆழம், அதைத் தாண்டினா ஒரே பாதாளம்.

"சரி, இன்னைக்கு என்ன கொண்டாந்த?" அப்படின்னேன். சாக்குக்குள்ள இருந்து ஒரு அஞ்சு லிட்டர் கேனை எடுத்தான். "இப்ப வர்றப்ப அந்தச் சரிவுல ஒதுங்கிக் கெடந்துச்சுக்கா." அம்புட்டுப் பயந்தவன் கேனை மட்டும் விட்டுட்டு வரல பாருங்க.

கேனுக்குள்ள பாதிக்கு மேல தண்ணி. கைப்பிடியில நைலான் கயிறு கட்டி, கயித்தோட நுனியை ஒரு வளையமா முடிச்சுப் போட்டிருந்துச்சு. முடிச்சு அவிழல, கயிறு அறுபடல. அந்த வளையத்தைக் கையில விரிச்சுப் பார்த்தேன். பெரியவுக இடுப்புக்குச் சேர்ற அளவே இல்ல. அது ஒரு சின்னப் புள்ளையோட இடுப்பு.

கேனைத் திருப்பினேன். அடி மூலையில முக்கோண ஓட்டை, எங்க கடை அரத்தோட குத்து.

தண்ணியைக் கொட்டிட்டு, மூடியை இறுக்கி, கடை வாசல்ல இருந்த தொட்டியில படுக்கப் போட்டேன். மிதந்துச்சு. கொஞ்ச நேரம் சும்மா இருந்துச்சு. அப்புறம் குளுக். ஒரு மூச்சு விட்டு மறுபடியும் குளுக்.

மாயழகு ரெண்டு எட்டு பின்னாடி போனான். "இதே சத்தம்தான்க்கா."

எடை போடுற சரசுவைக் கூப்பிட்டு, இந்தக் கேனை நீ யாருக்குக் கொடுத்தன்னு கேட்டேன்.

"நம்ம டைலர் மேகலாக்காதான் நாலஞ்சு எடுத்துச்சு, தெருப் புள்ளைகளுக்கும் சேத்து. லீவு விட்டா புள்ளைக தண்ணிப் பக்கம் போகாம இருக்காதுக, இடுப்புல கட்டி விட்டா பயமில்லன்னு சொல்லுச்சு. பின்னாடி கெடந்த குவியல்ல அதுவே பொறுக்கிக்கிச்சு. ஒவ்வொண்ணா மூடியை எல்லாம் திருகிப் பார்த்துத்தான் எடுத்துச்சு."

மேகலாவோட வீட்டுக்காரர் துபாயில. ஒரே மக துர்கா, நாலாவது படிக்கிறா. போன் போட்டேன். மிஷின் ஓடுற சத்தத்துல எடுக்கல போல. "முடிச்சு அப்படியே இருக்கு, இதுக்குள்ள இருந்த புள்ள எங்கடி?" அப்படின்னு சரசுகிட்ட கத்தினேன். பாவம், அவளுக்கு என்ன தெரியும். லோடு கட்டுற கயித்தைத் தூக்கிக்கிட்டு, மாயழகை மொபெட்டுல பின்னாடி உக்காரச் சொல்லிக் கெளம்பினேன்.

3. பனிக்குள்ள

குவாரியில தண்ணியே தெரியல. விளிம்பு வரைக்கும் வெள்ளையாப் பனி நின்னுச்சு. அதுக்குள்ள புள்ளைக சிரிக்கிற சத்தம். சுத்திலும் பாறைச் சுவரா, ஒரு சிரிப்பு நாலு பக்கத்துல இருந்தும் வருது. எங்கிட்டு இருக்காகன்னு பிடிபடல. சிரிப்புக்கு நடுவுல, குளுக், குளுக். இங்க ஒண்ணு, அங்கிட்டு ஒண்ணு.

மாயழகு கத்த வாயெடுத்தான். தோள்ல ஒரு அடி வச்சேன். கத்தினா திட்டத்தான் வந்திருக்காகன்னு புள்ளைக நடு ஆழத்துக்கு ஓடிரும். அன்னைக்கு எனக்கு எங்கிருந்து அந்த நிதானம் வந்துச்சுன்னு இன்னைக்கும் தெரியல. வாய் கடையில பேசுற மாதிரியே பேசுது.

"துர்கா... ஒங்கம்மா தோசை ஊத்தி வச்சிருக்கு. ஆறிப்போகுதாம். வா ஆத்தா."

சிரிப்பு நின்னுருச்சு. தண்ணி குடிக்கிற சத்தம் நிக்கல.

"அத்தையா?" சின்னக் குரல். "இருங்க அத்தை, வாரேன்."

சரிவுல ரெண்டு பயலுக பனியைக் கிழிச்சுக்கிட்டு வந்தானுக. இடுப்புல கேன். பல்லு தந்தியடிக்குது. அவுகளுக்குப் பின்னாடி யாரும் வரல.

"துர்கா எங்கடா?"

"அந்தா, அந்தப் பக்கம்."

அந்தப் பக்கம்னா வெறும் வெள்ளை. நான் சரிவுல இறங்கினேன். குளிரு எலும்புக்குள்ள ஏறுது. மாயழகு கயித்தை வீசினான், தண்ணியில விழுந்த சத்தம் மட்டும் கேட்டுச்சு. "துர்கா, கயிறு வருது பாரு, பிடிச்சுக்க," அப்படின்னேன். குளுக்குனு ஒரு தடவை. அப்புறம் அந்தச் சத்தமும் நின்னுருச்சு.

ஆயுசுக்கும் எனக்கு அதுதான் பயம், சத்தம் நின்ன அந்த நேரம்.

கயித்தை இழுத்து மறுபடி வீசினான். ரெண்டாவது வீச்சுல கயிறு விறைச்சுச்சு. மாயழகு அழுதுக்கிட்டே இழுத்தான். முதல்ல கேன் வந்துச்சு, மூடி மட்டும் வெளியே தெரிய. அதுக்குப் பின்னாடி கயித்தை ரெண்டு கையாலயும் பிடிச்சபடி அவ வந்தா. உதடு நாவப்பழ நிறம். தூக்கி இடுப்புல வச்சு என் சேலையைச் சுத்தினேன்.

"நேத்தும் இப்படித்தான் அத்தை," அப்படின்னா. "முதுகுக்குப் பின்னாடி யாரோ பிடிச்சிருந்தாங்க. காதுகிட்டயே தண்ணி குடிச்சாங்க. குடிச்சு முடிச்சதும் கையை விட்டுட்டாங்க. நான் வளையத்துல இருந்து நழுவிச் சரிவைப் பிடிச்சுக்கிட்டேன். சொன்னா அம்மா அடிக்கும்னு சொல்லல."

4. மேகலா சொன்னது

மேகலாவைத் திட்டணும்னு ஊரே வந்துச்சு. நான் அவ பக்கத்துல உக்காந்துக்கிட்டேன். காய்ச்சல்ல கெடந்த மக காலைத் தேய்ச்சுக்கிட்டே அவ ஒண்ணே ஒண்ணுதான் சொன்னா. "மூடியத்தான்க்கா திரும்பத் திரும்பத் திருகிப் பார்த்தேன்." கேட்ட எனக்கு அழுகை வந்துருச்சு. புள்ளை மேல அம்புட்டு அக்கறையா இருந்தவதான், மேல மட்டும் பார்த்திருக்கா.

இப்ப என் கடையில குத்து கிடையாது. உருக்கப் போற கேன் உள்ளே வந்ததும் கழுத்தை அறுத்திருவோம், தூரத்துல இருந்து பார்த்தாலே ஒடைஞ்சதுன்னு தெரியும். முழுக் கேன் கேட்டா, வாங்கிறவுக கண்ணு முன்னாடி தொட்டியில அமுக்கிக் காட்டித்தான் கொடுப்போம். புள்ளைக இடுப்புல கட்டணும்னு வாய் தவறிச் சொன்னா, எம்புட்டு நல்ல கேனா இருந்தாலும் கொடுக்கிறதில்ல. கேன் மிதக்கும், ஆனா புள்ளையைப் பார்த்துக்கிறதுக்குக் கரையில ஒரு ஆள் நிக்கணும். தொழிலுக்கு வர்றவுக இந்த ஒண்ணை மட்டும் மனசுல வச்சுக்கங்க.

போன மார்கழியில துர்கா கடைக்கு வந்தா. அம்மா மாவு வைக்க டப்பா கேட்டுச்சாம். நல்லதா ஒண்ணு எடுத்துக் கொடுத்தேன். வாங்கினவ நேரா தொட்டிக்குப் போயி அதைத் தண்ணியில அமுக்கி, குனிஞ்சு காதை வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் நின்னா.

நிமிர்ந்து, "இது குடிக்கல அத்தை," அப்படின்னு சொல்லிட்டு டப்பாவைத் தொடைச்சு எடுத்துக்கிட்டுப் போனா.