பாதி எழுந்து உட்கார்ந்த தம்பி

சென்ற ஆண்டு இறுதிப் பள்ளி விடுமுறையில் ஈப்போவில் உள்ள ஓர் அருங்காட்சியகத்தில் வயலின் கண்காட்சி நடந்தது. எந்தெந்த நாட்டில் எப்படியெப்படி வயலின் செய்கிறார்கள் என்று காட்டி, கடைசி நாள் மாலை அந்த வயலின்களிலேயே கச்சேரியும் வைத்தார்கள். அவற்றில் ஒன்று என் தம்பி செய்தது.

தம்பி தச்சு வேலைக்காரன். மனநோயால் சில வருடங்கள் தஞ்சோங் ரம்புத்தான் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு, குணமாகி என் வீட்டுக்கு வந்தவன். எங்கள் பக்கம் அந்த ஊர்ப் பெயரைச் சொன்னாலே போதும், மேற்கொண்டு யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். சர்ச்சில் உடைந்து கிடந்த ஒரு வயலினைப் பிரித்துப் பார்த்து, பலா மரத்தில் தானே செய்யக் கற்றுக்கொண்டான். முதலில் செய்தவை கரகரத்தன. அப்புறம் ஒன்று அழகாகப் பாடியது. சர்ச்சுக்கு வரும் ஒருவர் மூலம் அது கண்காட்சிக்குப் போனது. அழைப்பு வந்த அன்று, "அக்கா, புதுச் சட்டை எடுக்கப் போலாமா?" என்று கேட்டான். அவன் வாய்விட்டு ஒன்றைக் கேட்டு எத்தனையோ காலமாகியிருந்தது.

எங்கள் அண்ணனுக்குத்தான் இது பிடிக்கவில்லை. அவர் மகளுக்குச் சுங்கை சிப்புட்டில் மாப்பிள்ளை பேசி முடித்திருந்தார்கள். "தம்பி பேரு போட வேணாம் லா. அவங்க விசாரிச்சா எல்லாம் வெளிய வந்துரும். கல்யாணம் முடியட்டும்" என்றார். சொன்னபடியே, கண்காட்சிக்காரர்களிடம் பேசி வயலினுக்குப் பக்கத்தில் செய்தவர் பெயர் வராமல் பார்த்துக்கொண்டார். ஆனால் தம்பிக்குக் கிடைத்த முன்வரிசை இடங்களில் சம்பந்தி வீட்டாரைக் கூட்டிவந்து உட்கார வைக்க மட்டும் அவருக்குக் கூச்சமே இல்லை. என் நாற்காலியும் அவர்களுக்குப் போனது. நான் கடைசி வரிசையில்.

தம்பியின் வயலினை ஒரு சீனப் பெண் வாசித்தார். முடித்ததும், இதைச் செய்தவர் இங்கே இருந்தால் எழுந்து நிற்க வேண்டும் என்று ஆங்கிலத்தில் கேட்டுக்கொண்டார்.

தம்பி பாதி எழுந்தான். புதுச் சட்டையின் முதுகு எனக்கு நன்றாகத் தெரிந்தது. அண்ணன் அவன் தோளை அழுத்தி உட்கார வைத்தார்.

"இவன்தான், இவன்தான்!" என்று நான் எழுந்து கத்தினேன். கைதட்டலில் யார் காதிலும் விழவில்லை. தம்பியும் எல்லோரோடும் சேர்ந்து கைதட்டினான்.

தேநீர் நேரத்தில் சம்பந்தி நேராகத் தம்பியிடம் வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்கதானே தம்பி செஞ்சது? பாதி எழுந்தீங்களே, முழுசா எழுந்திருப்பீங்கன்னு பாத்தேன்" என்றவர், அண்ணன் பக்கம் திரும்பினார். "இவரு ஆஸ்பத்திரில இருந்தது பொண்ணு பாக்க வரும்போதே எங்களுக்குத் தெரியும் லா. அதுக்கென்ன இப்ப?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு அவரைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

தம்பி மெதுவாகக் கையை விடுவித்துக்கொண்டான். "இல்லண்ணே, நான் இல்ல. வேற யாரோ செஞ்சது" என்றான்.

கல்யாணம் ஜாம் ஜாம் என்று நடந்தது. படம் எடுக்க அண்ணன் அவனை முன்னால் வரச்சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தார். அவன் தூணோரமாகவே நின்றுவிட்டான். வயலின் இப்போது என் வீட்டு அலமாரி மேல் இருக்கிறது. யார் செய்தது என்று வருகிறவர்கள் கேட்டால், எழுந்து சமையலறைக்குள் போய்விடுகிறான்.

நோயிலிருந்து அவனை டாக்டர்கள் மீட்டுக் கொடுத்துவிட்டார்கள். தோளை அழுத்திய அந்தக் கையிலிருந்து மீட்கத்தான் எனக்கு இன்னும் வழி தெரியவில்லை.