பின் சீட்டுக்கு ஒரு சாய்மானம்

பின் சீட்டுச் சாய்மானத்தைக் கடையிலேயே மாட்டித் தருகிறோம், ஆனால் அடுத்த வாரம்தான் முடியும் என்றான் மோட்டர் சைக்கிள் கடைக்காரன். அடுத்த வாரம் வரைக்கும் என் மனைவியின் உடம்பு காத்துக்கொண்டிருக்குமா? சாமானைக் கொடு, நானே மாட்டிக்கொள்கிறேன் என்று புது மோட்டரோடு சேர்த்து வாங்கி வந்துவிட்டேன்.

ஒரு நாள் விட்டு ஒரு நாள், எங்கள் ஊர் தங்கா பத்துவிலிருந்து டவுனுக்கு அவளை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போவேன். போகும்போது எப்படியோ உட்கார்ந்து வருவாள். திரும்பும்போது துவண்டுவிடுவாள். ஊசி குத்தும் கையால் எதையும் இறுக்கிப் பிடிக்கக் கூடாது. தலையை என் முதுகில் சாய்த்து முழுப் பாரத்தையும் போட்டுவிடுவாள். பழைய மோட்டரில் ஒரு தடவை சரிந்தே போனாள். ஒரு கையால் அவளைப் பிடித்துக்கொண்டு மறு கையால் ஓரங்கட்டினேன். அன்றைக்குப் பிடித்த பயம் என்னை விடவே இல்லை.

வாசலில் மோட்டரை நிறுத்திப் பின்பக்கக் கைப்பிடிக் கம்பியைக் கழற்றினேன். அதே ஓட்டைகளில் சாய்மானத்தின் கம்பி உட்கார வேண்டும். உட்காரவில்லை. ஒரு பக்கம் சேர்ந்தால் மறு பக்கம் விலகிக்கொண்டது. போனில் வீடியோ போட்டுப் பார்த்தேன். அதில் ஒருத்தன் சிரித்துக்கொண்டே மாட்டுகிறான். கட்டையில் போகிறவன், அவனுக்கு மட்டும் எப்படித்தான் உட்காருகிறதோ!

பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து அவள் வேடிக்கை பார்த்தாள். "என்னங்க, ரோக்கெட்டா விடப்போறீங்க? காலையிலேர்ந்து திருகுறீங்களே."

"சும்மா இருலா. உனக்குத்தான் மாட்டுறேன்."

கடைசியில் எல்லா போல்ட்டையும் லூசாக விட்டு, கம்பியை நெம்பி நெம்பி ஓட்டைக்கு நேராகக் கொண்டுவந்து, பிறகு ஒவ்வொன்றாக இறுக்கினேன். பிடித்து ஆட்டிப் பார்த்தேன், அசையவில்லை. அவளைத் தூக்கி உட்காரவைத்தேன். மெல்லச் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். "சொகமா இருக்குங்க," என்றாள். சந்தோஷத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மறுநாள் காலை டயாலிசிஸ். அவள் எலுமிச்சம்பழத்தோடு தயாராக நின்றாள்.

"புது வண்டிய முதல்ல ஆஸ்பத்திரிக்கா ஓட்டுவாங்க? கோயிலுக்கு விடுங்க."

எங்கள் ஆட்களுக்கு இதில் விட்டுக்கொடுப்பே கிடையாது. புது வண்டி முதலில் கோயிலுக்குத்தான் போக வேண்டும். நேரமாகிறது என்று கத்திப் பார்த்தேன், எடுபடவில்லை. மாரியம்மன் கோயிலில் பூசை போட்டு, சக்கரத்தில் எலுமிச்சம்பழத்தை நசுக்கி, முன்விளக்கில் சந்தனம் குங்குமத்தோடு டவுனுக்குக் கிளம்பினோம்.

வழியில் கடலோரமாக இருக்கும் கிளேபாங் வந்ததும் முதுகில் தட்டினாள். "நிப்பாட்டுங்க."

மயக்கமோ என்று பதறி நிறுத்தினேன். இறங்கி, சாலையோரக் கடைக்கு நடந்துபோய் ஒரு கோக்கனட் ஷேக் வாங்கினாள். இளநீர், தேங்காய் எதுவும் அவள் வாயில் படக் கூடாது, இதயமே நின்றுவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் மோட்டருக்கு ஸ்டாண்டு போட்டுவிட்டு ஓடுவதற்குள் உறிஞ்ச ஆரம்பித்துவிட்டாள்.

"சாகப்போறியாலா?" என்று நடு ரோட்டில் கத்தினேன்.

"கத்தாதீங்க. இனிமே நான் அங்க வரமாட்டேங்க. போதும். குத்துறதுக்குக் கையில எடமில்ல."

"அப்ப இத எதுக்கு நான் மாட்டுனேன்?"

"நல்லாத்தான் மாட்டியிருக்கீங்க. இருக்கிற வரைக்கும் இதுல சாஞ்சிக்கிட்டு இங்க கடல் பாக்க வருவேன். கூட்டியாங்க."

டயாலிசிஸை நிறுத்தினால் எத்தனை நாள் தாங்கும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். கோயில், எலுமிச்சம்பழம் எல்லாம் எதற்கு என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. பாவி, முன்னமே முடிவு பண்ணிவிட்டுத்தான் ஏறியிருக்கிறாள். கப்பைப் பிடுங்கி, மிச்சத்தை ஒரே மூச்சில் நானே குடித்துத் தீர்த்தேன். அவளுக்கு ஒரு சொட்டுகூட வைக்கவில்லை. அவள் சிரித்தாள்.

மோட்டரை டவுன் பக்கம் திருப்பினேன். "வேணாங்க," என்றாள். கல்யாணமான நாளிலிருந்து என்னிடம் அவள் கெஞ்சியதே இல்லை. வீட்டுப் பக்கம் திருப்பினேன்.

வழியெல்லாம் அவள் தலை என் முதுகில் விழவே இல்லை. சாய்மானம் தாங்கிக்கொண்டது. முன்பெல்லாம் அவள் மூச்சு விடுவது என் முதுகுக்குத் தெரியும். இப்போது தெரியவில்லை. மோட்டரின் பக்கக் கண்ணாடியைத் திருப்பிவைத்து, அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன்.